ஃபிரடெர்னிட்டியில் சேரலாமா? சேர்ந்தால் எதில்?

சென்ற ஆண்டு ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அக்கா மகன் ஃபோன் செய்தான். ஓஹாயோவில் அப்போது முதலாமாண்டு. "மாமா, ஒரு ஃபிரடெர்னிட்டி வீட்ல இருந்து பிட் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றான். ஃபிரடெர்னிட்டி என்றால் அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சகோதரச் சங்கம். பிட் என்றால் 'எங்களோடு சேர்ந்துகொள்' என்ற அழைப்பு. அதே வாரம் வணிக மாணவர்களின் ஃபிரடெர்னிட்டி ஒன்று அவனை நேர்காணலுக்கும் கூப்பிட்டிருந்தது. பக்கத்து அறை குஜராத்திப் பையன் வேறு, தெற்காசிய மாணவர்களின் ஃபிரடெர்னிட்டிக்கு வா வா என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

பத்து நிமிடத்தில் நியூஜெர்சியின் எடிசனிலிருந்து அக்கா அழைத்தாள். "என்னடா அது, மூணு கிரேக்க எழுத்து போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு குடிக்கிற கூட்டமா? இல்ல வேலை வாங்கித் தர்ற சங்கமா? சரின்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?"

அதன் பிறகு இதே கேள்வியைத் தெரிந்த பெற்றோர் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நேராக இளநிலைப் படிப்புக்கு வந்த இரண்டு மாணவர்களும் கேட்டார்கள். தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். குழப்பத்துக்கு முதல் காரணம் அந்தச் சொல்தான். 'ஃபிரடெர்னிட்டி' என்ற ஒரே பெயரில் குறைந்தது ஐந்து வகை அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து இன்னொன்றை எடைபோட்டால் தப்பாகத்தான் போகும்.

## எங்கிருந்து வந்தது இது

1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 'அறிவின் மீதான அன்பே வாழ்க்கைக்கு வழிகாட்டி' என்ற கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஆசிரியர்களின் காது இல்லாத இடத்தில் நினைத்ததைப் பேசி விவாதிக்க வேண்டும் என்பதே நோக்கம். ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, பதக்கம் எல்லாம் அப்போதே வந்துவிட்டன. இன்று ஃபை பீட்டா கப்பா நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் சங்கமாக இருக்கிறது. நாம் விண்ணப்பித்துச் சேரும் இடம் இல்லை. அவர்களே அழைத்தால் யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

இன்று நாம் பார்க்கும் சகோதரச் சங்கத்தின் வடிவம் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் கப்பா ஆல்ஃபாவோடு தொடங்கியது. பிறகு ஓஹாயோவில் ஆக்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூரில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தில் பீட்டா தீட்டா பை (1839), ஃபை டெல்டா தீட்டா (1848), சிக்மா கை (1855) என்று மூன்று பெரிய சங்கங்கள் பிறந்தன. மூன்றும் எழுதி வைத்த மதிப்புகள் அருமையானவை. சிக்மா கைக்கு நட்பு, நீதி, கல்வி. ஃபை டெல்டா தீட்டாவுக்கு நட்பு, நல்ல கல்வி, ஒழுக்க நேர்மை. பீட்டாவின் பட்டியலில் ஒருவருக்கொருவர் உதவி, பொறுப்பான நடத்தை என்பனவும் உண்டு.

ஆனால் 'நட்பு யாருக்கு' என்ற கேள்விக்கு அவர்களுடைய விதிப் புத்தகங்கள் வேறு பதில் வைத்திருந்தன. ஃபை டெல்டா தீட்டாவில் உறுப்பினர் 'ஆரிய இரத்தம்' உள்ள வெள்ளையராக இருக்க வேண்டும் என்ற விதி 1954 வரை இருந்தது. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. தேசியத் தலைமை அந்தக் கிளையையே நீக்கிவிட்டது.

கதவு சாத்தப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. யூத மாணவர்கள் 1898இல் ஸீட்டா பீட்டா டவ்வைத் தொடங்கினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் 1906இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1990களில் நம் பிள்ளைகள் தங்களுக்கென்று தொடங்கினார்கள். இந்த வரலாறு தெரிந்தால், இன்றைக்கு ஒவ்வொரு வகையும் எதைக் கொடுக்கும், எதை எதிர்பார்க்கும் என்பது பாதி புரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்: பணம், நேரம், படிப்பு, பின்னாளில் கிடைக்கும் தொடர்புகள், அப்புறம் இன்னும் உறுப்பினர் ஆகாதவனை அவர்கள் நடத்தும் விதம். முதல் நான்கையும் எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்தாவதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

காரணம் இது. அழைப்பை ஏற்றுக்கொண்டதும் ஒருவன் முழு உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் 'ப்ளெட்ஜ்' என்ற நிலையில் இருப்பான். இப்போது 'புதிய உறுப்பினர்' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். ஹேஸிங் நடப்பது இந்த இடைக்காலத்தில்தான். நம் ஊர் ராகிங் என்று வைத்துக்கொள்ளலாம். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதும், மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததும் அக்கா வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ராகிங்கில் மாட்டுகிறவன் கல்லூரியில் ஏற்கெனவே இடம் பிடித்தவன். தப்பித்து ஓடத்தான் பார்ப்பான். ஹேஸிங்கில் மாட்டுகிறவன் உள்ளே வர ஆசைப்பட்டு வாசலில் நிற்கிறவன். "இன்னும் நாலு வாரம் பொறுத்தா சகோதரன் ஆயிடலாம்" என்று தாங்கிக்கொள்வான். அதுதான் ஆபத்து.

2017 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், அழைப்பை ஏற்ற இரவில், இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் மதுவை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். நிலவறைப் படிக்கட்டில் அவர் விழுந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. 19 வயதில் இறந்துபோனார். அந்த வீடு மது கிடையாது என்று அறிவிக்கப்பட்ட வீடு. உள்ளே கேமராக்களும் இருந்தன. 'ஒருவருக்கொருவர் உதவி' என்பது அந்தச் சங்கத்தின் எழுதப்பட்ட மதிப்பு. எழுதி வைத்ததையும் வியாழக்கிழமை இரவில் நடப்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

## வீடு வைத்திருக்கும் சோஷியல் ஃபிரடெர்னிட்டி

தெருவில் பெரிய தூண்கள் வைத்த வீடு, நெற்றியில் கிரேக்க எழுத்து. இதைத்தான் எல்லோரும் ஃபிரடெர்னிட்டி என்று நினைக்கிறார்கள். இளநிலை படிக்கும் ஆண்களுக்கு மட்டும். 'ரஷ்' என்று ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். பிடித்திருந்தால் பிட் கொடுப்பார்கள்.

மருமகனுக்குப் பிட் கொடுத்த வீட்டுக்கு அவனோடு நானும் ஒரு தடவை போயிருந்தேன். முன்கூடத்துச் சுவர் முழுக்கப் பெரிய சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் அந்த ஆண்டின் உறுப்பினர்கள் அத்தனை பேரின் முகங்களும் சின்னச் சின்ன முட்டை வடிவப் படங்களாக, கோட்டும் டையுமாக. காம்போசிட் என்கிறார்கள். பையன்கள் அவனோடு பேசிக்கொண்டிருக்க, நான் ஐம்பதுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வரிசை வரிசையாக ஒரே நிறம். எண்பதுகளின் நடுவில் ஒரு சட்டத்தில், கீழ் வரிசைக் கடைசியில், மாநிறத்தில் ஒரு முகம், இந்தியப் பெயர். அந்தப் பையன் என்ன நினைத்து உள்ளே வந்தான், எப்படி இருந்தான் என்று கேட்க ஆசையாக இருந்தது. கடைசியாக மாட்டியிருந்த சட்டத்தில் எட்டுப் பத்துப் பேர் அப்படி இருந்தார்கள். மாற்றம் வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இந்த வகையின் பலம் மூன்று. தங்க இடம், சாப்பிட மேசை, ஐம்பது நூறு பேர் கொண்ட வட்டம் ஒரே நாளில் கிடைத்துவிடும். ஊர் பழகாத பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பழைய உறுப்பினர்கள் நாடெங்கும் இருப்பார்கள். நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஃபை டெல்டா தீட்டா உறுப்பினர். அந்த ஃபை டெல்டா தீட்டா 2000ஆம் ஆண்டிலிருந்து தன் வீடுகளில் மதுவே கூடாது என்று விதி வைத்திருக்கிறது. சோஷியல் ஃபிரடெர்னிட்டிகளின் கூட்டமைப்பும் 2019 செப்டம்பரிலிருந்து கடும் மதுவகைகளைத் தடை செய்தது.

வேலை வாய்ப்பு பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்களே, உண்மையா? இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். வடகிழக்கில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களை வைத்து மூன்று பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்தவர்களின் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) சுமார் 0.25 குறைந்தது, பின்னாள் வருமானம் சுமார் 36 சதவீதம் கூடியது என்று வந்தது. வீட்டில் விவாதம் வந்தால் பையன்கள் கூகுளில் தேடிக் காட்டுவது இதைத்தான். பிறகு ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் மதிப்பெண் குறைவது மட்டும் உறுதியானது. வருமானம் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆக, மதிப்பெண் அடிபடும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. சம்பளத்தை நம்பிச் சேரச் சொல்ல எனக்கு மனம் வராது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். பருவக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். சேரும்போது தேசியத் தலைமைக்குக் கட்டும் பணம், காப்பீட்டுப் பங்கு, விருந்துக்கு உடை, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் டி-ஷர்ட், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எல்லாம் தனி. இரண்டாமாண்டு அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்று பல கிளைகளில் கட்டாயம் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கிளையைப் பல்கலைக்கழகம் மூடிவிட்டால், படிப்பின் நடுவில் வீடு தேடி அலைய வேண்டும்.

இரண்டு அபாயங்களைப் பெற்றோர்கள் யாரும் யோசிப்பதே இல்லை. ஒன்று, விபத்து நடந்து வழக்கு வந்தால், மது விதியை மீறிய தனி உறுப்பினருக்கு ஃபிரடெர்னிட்டியின் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். அப்போது வழக்கு பெற்றோரின் வீட்டுக் காப்பீடு வரை வந்து நிற்கும். இன்னொன்று, இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த மாணவர்களுக்கு. இங்கே 21 வயதுக்குள் குடிப்பது சட்டப்படி குற்றம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். கூட இருக்கும் அமெரிக்கப் பையனுக்கு அபராதத்தோடு போவது உங்கள் பையனுக்கு விமான டிக்கெட்டாக முடியலாம்.

யாருக்குப் பொருந்தும்? வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த, கணக்கு கையில் இருக்கிற, பெரிய கல்லூரியில் தனித்துப் போய்விடுவோமோ என்று உண்மையாகவே பயப்படுகிற பையனுக்கு. அதுவும் முதல் பருவத்து மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு.

## தெற்காசிய ஃபிரடெர்னிட்டி

அயோட்டா நூ டெல்டா 1994இல் நியூயார்க்கின் பிங்ஹாம்டனில் பிறந்தது. சிக்மா பீட்டா ரோ 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். இது எல்லா இனத்தவரையும் மனத்தில் வைத்தே வளர்ந்தது. டெல்டா எப்சிலான் சை 1998இல் டெக்சஸின் ஆஸ்டினில், பீட்டா கை தீட்டா 1999இல் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில். எல்லாம் முப்பது வயதைச் சுற்றியவை. அதனால் பெரும்பாலும் தூண் வைத்த மாளிகை கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடுதான். செலவும் அந்த அளவுக்குக் குறையும்.

இவற்றின் மதிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வளர்ந்த பையன் விளக்கம் சொல்லாமலே இருக்கக்கூடிய இடம். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாத இரவில் யாராவது ஒருவன் குக்கர் வைப்பான். "அம்மா ஏன் தினமும் ஃபோன் பண்றாங்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். எங்கள் பக்கத்துக் கிளைகளில் நான் பார்த்த வரை, தெற்காசியம் என்றால் நடைமுறையில் பாங்ராவும் இந்திப் பாட்டும்தான். தமிழ்ப் பையன் அதில் ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டாமலும் போகலாம். தமிழ் மாணவர் சங்கம் இருக்கும் கல்லூரியில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது முக்கியமானது. 'நம்ம பசங்கதானே, என்ன ஆகிவிடும்' என்று பெற்றோர்கள் நிம்மதி அடைகிறார்கள். 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாணவர்களை, பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க ஃபிரடெர்னிட்டி பென்சில்வேனியா மலைப்பகுதிக்கு அழைத்துப் போனது. முதலாமாண்டு மாணவர் ஒருவரின் கண்ணைக் கட்டி, முதுகில் மணல் நிரப்பிய பையைச் சுமத்தி, உறைந்த தரையில் திரும்பத் திரும்ப மோதித் தள்ளினார்கள். புலம்பெயர்ந்தவர்கள் பட்ட பாட்டை உணர்த்தும் சடங்கு என்று அதற்குப் பெயர். அவர் இறந்துபோனார். சில உறுப்பினர்களோடு ஃபிரடெர்னிட்டி என்ற அமைப்பும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டது. 2018இல் அந்த மாநிலத்தில் இயங்க அதற்குப் பத்து ஆண்டுத் தடை வந்தது. முன்னோர் பட்ட வேதனையை ஒரு பிள்ளையின் முதுகில் ஏற்றியது எந்தச் சகோதரத்துவத்திலும் சேராது. நம் நிறத்தவர்கள் நடத்துவது என்பதற்காக ஐந்தாவது அளவுகோலைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

இது பொருந்துவது, நம் ஆட்கள் குறைவாக இருக்கும் கல்லூரியில். வகுப்பில் பாதி இந்தியப் பெயர்களாக இருக்கும் இடத்தில் இதற்காகத் தனியாகக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

## கறுப்பின மாணவர்களின் ஒன்பது சங்கங்கள்

'டிவைன் நைன்' என்று அழைக்கப்படும் ஒன்பதில் ஐந்து ஆண்களுக்கு, நான்கு பெண்களுக்கு. இவற்றின் கூட்டமைப்பு 1930இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா உறுப்பினர். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலும் அப்படியே. வாஷிங்டனில் 2011இல் திறந்த கிங் நினைவிடத்துக்கு முதலில் முயற்சி எடுத்ததே இந்தச் சங்கம்தான்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பெண் ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். 1908இல் அதே ஹோவர்டில் பிறந்த, கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. அவர் துணை அதிபர் தேர்தலில் நின்றபோது, தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள். இங்கே முத்துமாலை அணிந்த அந்தச் சங்கத்துச் சகோதரிகள் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார்கள். கல்லூரியை விட்டு முப்பது ஆண்டு ஆன பிறகும் சந்தா கட்டி வேலை செய்யும் வழக்கம் இங்கேதான் மிக வலுவாக இருக்கிறது. பட்டம் வாங்கியவர்களுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு.

விதிப்படி இனத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வரலாற்றையும் அந்த மக்களின் வேலையையும் தன்னுடையதாக நினைப்பவர்கள் மட்டும் அந்த வாசலுக்குப் போக வேண்டும். நடனமும் வண்ணமும் பிடித்திருக்கிறது என்பது போதாது. சேர்வதற்கு முன்பே சமூகப் பணி செய்திருக்க வேண்டும், ஜிபிஏவும் வேண்டும். முதலாமாண்டு வந்த உடனே சேர்வது நடக்காது. பருவக் கட்டணத்தைவிடச் சேரும்போது ஒரே தடவையில் கட்டும் தொகை பெரிது. வேண்டாம் என்று விலகினால் திரும்ப வாராது. ஹேஸிங் வழக்குகள் இவற்றிலும் நடந்திருக்கின்றன.

## தொழில்சார் ஃபிரடெர்னிட்டி

வணிகம் படிப்பவர்களுக்கு ஆல்ஃபா கப்பா சை (1904), டெல்டா சிக்மா பை (1907). இரண்டும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை. பொறியியலுக்கு மினசோட்டாவில் பிறந்த தீட்டா டவ் (1904). ஆண், பெண் இருவரும் சேரலாம். பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான 1972ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் சோஷியல் ஃபிரடெர்னிட்டிகளுக்கு மட்டும் 1974இல் விலக்குக் கொடுத்தார்கள். தொழில்சார்ந்தவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் கதவைத் திறந்தன.

பயோடேட்டா திருத்துவது, மாதிரி நேர்காணல், நிறுவனங்களில் இருக்கும் சீனியர்களோடு அறிமுகம் என்று நேரடியாகப் பயன் தெரியும். செலவு மிதம். தேர்வு மட்டும் கடினம். சில கிளைகளில் வேலைக்கு நடப்பதுபோல மூன்று சுற்று வைக்கிறார்கள். பதினெட்டு வயதில் மூன்றாவது சுற்றில் நிராகரிக்கப்பட்டால் மனசு உடைந்துபோகிறது. முன்பே சொல்லி வையுங்கள். என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று ஓரளவு தெளிவு வந்த இரண்டாமாண்டு மாணவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

## சேவை ஃபிரடெர்னிட்டி

பெற்றோர்கள் பலருக்குப் பெயரே தெரியாதது இது. ஆல்ஃபா ஃபை ஒமேகா 1925 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரியில் சாரணர் இயக்கத்தின் கொள்கைகளை அடிப்படையாக வைத்துத் தொடங்கியது. தலைமை, நட்பு, சேவை என்ற மூன்றே அதன் மதிப்புகள். 1976 முதல் பெண்களும் சேர்கிறார்கள். வீடு கிடையாது. பிட் வாங்கக் காத்திருக்கத் தேவையில்லை. அறிமுகக் கூட்டத்துக்குப் போய், குறிப்பிட்ட மணி நேரம் சேவை செய்து, அமைப்பைப் பற்றிப் படித்தால் உறுப்பினர்.

குறையும் உண்டு. ஒரே கூரையின் கீழ் வாழ்வதால் வரும் நெருக்கம் இதில் தானாக வராது. நாமே முயற்சி எடுத்துப் பழக வேண்டும். வாரக் கடைசியின் காலைத் தூக்கம் போய்விடும். பேர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று சேர்ந்தால் மணிக்கணக்கு குறைந்து தொல்லையாகும். கூச்ச சுபாவமுள்ள, கையால் ஏதாவது செய்துகொண்டே பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நான் பார்க்கவில்லை.

## எதிலும் சேராமல்

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1984இல் ஃபிரடெர்னிட்டிகளையே ஒழித்துவிட்டது. வில்லியம்ஸ் கல்லூரி அதற்கும் முன்பே. அங்கே யாரும் நண்பர்கள் இல்லாமல் தவிக்கவில்லை. ஆய்வுக்கூடம், விளையாட்டு, தமிழ்ச் சங்கம், நூலக வேலை எல்லாம் இருக்கின்றன. ஆனால் சின்ன ஊரில், வெள்ளிக்கிழமை இரவு தெருவே ஃபிரடெர்னிட்டி வீடுகளாக இருக்கும் கல்லூரியில், சேராதவனுக்கு முதல் ஆண்டு கொஞ்சம் தனிமைதான். அதையும் மறைக்காமல் சொல்லி அனுப்ப வேண்டும்.

மகள்களுக்குச் சொரோரிட்டி என்று தனிப் பிரிவு. பெரிய தேசியச் சொரோரிட்டிகளின் வீடுகளில் மது அனுமதி இல்லை. ஆனால் சேர்க்கை முறை இறுக்கமானது, செலவும் குறைவில்லை. அளவுகோல்கள் இவையேதான்.

## ஒரே பார்வையில்

| வகை | செலவு | நேரம் | யார் சேரலாம் | முக்கியமான அபாயம் |
|---|---|---|---|---|
| சோஷியல் (வீடு உள்ளது) | அதிகம், மறைசெலவு உண்டு | மிக அதிகம் | இளநிலை ஆண்கள் | மது, ஹேஸிங், வாடகை ஒப்பந்தம் |
| தெற்காசிய | நடுத்தரம் | அதிகம் | பெரும்பாலும் இளநிலை ஆண்கள் | 'நம்ம ஆட்கள்' என்ற அசட்டை |
| கறுப்பின ஒன்பது | சேரும்போது பெரிய தொகை | வாழ்நாள் முழுக்க | முன்பணியும் மதிப்பெண்ணும் உள்ளவர்கள் | பொறுப்பு புரியாமல் சேர்வது |
| தொழில்சார் | மிதம் | நடுத்தரம் | அந்தத் துறை மாணவர்கள், இருபாலரும் | நிராகரிப்பு |
| சேவை | குறைவு | வாரக் கடைசிகள் | எல்லோரும் | நெருக்கம் மெதுவாக வருவது |

## பதில் சொல்வதற்கு முன்

கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்: முதல் பருவம், இரண்டாம் பருவம், அபராதம், வீட்டு வாடகை, எல்லாம் தனித்தனியாக. கிளையின் சராசரி ஜிபிஏவைப் பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பருவமும் வெளியிடுகின்றன. மற்ற மாணவர்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். கெட்ட பெயரும் நல்ல பெயரும் தேசிய அமைப்பைவிட அந்தந்தக் கிளைக்கே அதிகம் பொருந்தும்.

ஹேஸிங் பற்றித் தேட இப்போது நல்ல வழி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், எந்த அமைப்பு எப்போது விதியை மீறியது, என்ன தண்டனை கொடுக்கப்பட்டது என்ற பட்டியலை ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. முதல் பட்டியலுக்குக் கெடு 2025 டிசம்பர். ஓஹாயோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் கடுமையான ஹேஸிங் இப்போது பெருங்குற்றம். பையனுக்கு வந்த பிட் எந்தக் கிளையுடையதோ அதன் பெயரை அந்தப் பட்டியலில் தேடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வியை நேரில் கேட்கச் சொல்லுங்கள்: "புதுசா சேர்றவங்களுக்கு இந்த எட்டு வாரமும் என்ன வேலை? வாரா வாரம் சொல்ல முடியுமா?"

என் மருமகன் அந்த வியாழக்கிழமை இந்தக் கேள்வியைத்தான் கேட்டான். காம்போசிட் மாட்டிய வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, "உள்ளே வா, தெரிஞ்சுக்குவே" என்றார்களாம். வெள்ளிக்கிழமை மதியம் "நன்றி, இந்தப் பருவம் வேண்டாம்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டான். அந்த இரவு ரொம்ப நேரம் பேசினான். கஷ்டமாகத்தான் இருந்தது அவனுக்கு. ரஷ்ஷில் கூடவே சுற்றிய நண்பன் சேர்ந்துவிட்டான். வணிக ஃபிரடெர்னிட்டியில் இரண்டாவது சுற்றோடு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் சேவை ஃபிரடெர்னிட்டியின் அறிமுகக் கூட்டத்துக்குப் போனான். அங்கே கேட்பதற்கு முன்பே எட்டு வாரத்தின் கால அட்டவணையை அச்சடித்துக் கையில் கொடுத்தார்களாம்.

நவம்பரில் அவனைப் பார்க்கப் போனபோது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உணவு வங்கியில் இருந்தான். நீள மேசையில் தகர டப்பாக்கள் குவிந்து கிடந்தன. தேதி தாண்டியதைப் பொறுக்கித் தனியாகப் போடும் வேலை. பக்கத்தில் ஒரு பெண் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் வாங்கி, அடியில் மங்கலாக அச்சாகியிருந்த தேதியைக் காட்டினான். அவள் விரல்கள் குளிரில் சிவந்திருந்ததைப் பார்த்துத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான்.

"உங்க சங்கத்து ஆளா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல மாமா. அவளுக்கு இப்பதான் ரெண்டாவது வாரம்."